புளி போட்டுத் தேய்த்த விளக்கு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மாதா கோயில் பெரிய மணிமேல் சத்தியம், என் வாயில் மிச்சமிருக்கும் ஒன்பது பல்மேல் சத்தியம். நான் வாயைத் திறந்தால் கடலில் போகிற கப்பல் கரையேறி வந்து காப்பி கேட்கும் என்று புதுச்சேரியில் ஒரு பேச்சு இருக்கிறது. இருக்கட்டும், அது மற்றக் கதைகளுக்கு. இந்த ஒரு கதையில் கப்பலைக் கடலிலேயே விட்டுவிடுகிறேன். நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், இரண்டரை மணியிலிருந்து நாலரை வரை, கடற்கரையிலிருந்து மூன்றாவது தெருவில், மஞ்சள் அடித்த ஒரு வீட்டின் சாப்பாட்டு அறையில். நாலு மணி வரைக்கும் அந்த அறையில் சிங்கராயரைத் தவிர ஆள் கிடையாது. அப்படியானால் அவர் மனதில் ஓடினதெல்லாம் உமக்கு எப்படித் தெரியும் என்று நடுவில் கேட்கக் கூடாது. கேட்டால் நிறுத்திவிடுவேன்.

சிங்கராயருக்கு எழுபத்திரண்டு வயது. நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதியே முப்பத்தாறு வருஷத்தைக் கழித்தவர். மனைவி மதலேன் போய்ச் சேர்ந்து ஐந்து மாதம். சாப்பாட்டு மேஜைமேல் பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் அந்த ஜோடி விளக்குகளை நிறுத்தி, சவரப் பிரஷால் பீங்கான் பூக்களின் இதழிடுக்கில் தூசி தட்டிக்கொண்டிருந்தார். நாலு மணிக்குக் காதர்ஷா பாய் வருவார், பழைய பிரெஞ்சு சாமான்களை வாங்கி விற்கிறவர், வந்து எடுத்துப் போவார். ஞாயிற்றுக்கிழமை மகள் எஸ்தேலோடு இவர் பிரான்சில் லியோனுக்கு விமானம் ஏற வேண்டும், வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு, இருபத்துமூன்று கிலோ பெட்டி ஒன்றோடு. விளக்கு ஒவ்வொன்றும் பதினோரு கிலோ. மாடியில் எஸ்தேல் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிற சத்தம், சர்ரென்று இழுத்து டக்கென்று அறுக்கிறாள், ஒவ்வொரு அறுப்புக்கும் இவர் கை நின்று நின்று போகிறது. ஒன்றரை முழ உயரம் ஒவ்வொரு விளக்கும். அடியில் பாறை மாதிரி வெண்கலம், பாறையிலிருந்து எழும்புகிற வெண்கல மரம், மரத்துக்கு இரண்டு கிளை, கிளை நுனியில் ஒரு காலத்தில் மெழுகுவர்த்தி, இப்போது பல்பு. கிளையெங்கும் கம்பிக் காம்புகளில் பீங்கான் பூக்கள், சுண்டுவிரல் நகத்தளவு ரோஜா, அதைவிடச் சின்னதாக ஒரு நீலப்பூ. மரத்தடியில், ஒன்றில் புல்லாங்குழல் ஊதுகிற பீங்கான் பையன், மற்றதில் மடியில் கூடை வைத்திருக்கிற பீங்கான் பெண். பையனை இடப்பக்கமும் பெண்ணை வலப்பக்கமும் வைத்தால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். மாற்றி வைத்தால் ஆளுக்கொரு சுவரைப் பார்ப்பார்கள். பையனின் மரம் முழுக்கத் தங்கமுலாம், கண்ணைப் பறிக்காத, உள்ளே எங்கோ சூடு இருக்கிறது போன்ற தங்கம். பெண்ணின் மரம் வெறும் வெண்கலம், காய்ந்த பேரீச்சம்பழ நிறம், இடுக்குகளில் பச்சை பூத்தது. அதற்கு உறவுக்குள் ஒரு பெயர் உண்டு, மதலேன் புளி போட்டுத் தேய்த்த விளக்கு. பாய் பார்த்ததும் கேட்பார், பார்க்கிற எல்லோரும் கேட்கிறதுதான், ஒண்ணு இப்படி ஒண்ணு அப்படி, யாரு பண்ணின வேலை? எஸ்தேல் பக்கத்தில் நிற்பாள். அப்போது சொல்லிவிட வேண்டும். நான்தான் என்று. நானும் கூட இருந்தேன் என்று பாதியாக இழுக்கக் கூடாது. நான்தான். நாற்பத்துநாலு வருஷமாக மதலேன் தலையில் ஏற்றி வைத்திருப்பதை இறக்க இதுதான் கடைசி நாள், விளக்கு போன பிறகு எதைக் காட்டிச் சொல்வது.

நான்தான், என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிரஷ் நுனி ரோஜாவுக்குள் போய்ச் சுழன்று வெளியே வந்தது. இந்த ஊரில் வேறு யாருக்கும் சவரப் பிரஷ் கிடையாது, எல்லாம் நுரையைக் கையால் தடவிக்கொள்கிறார்கள், இந்தப் பிரஷ் மதலேன் வாங்கித் தந்தது, எந்த வருஷம், எஸ்தேல் முதல் நற்கருணை வாங்கின வருஷம், இல்லை அதற்கு முந்தி. பதிவேடு எழுதினவனுக்குத் தேதி நிற்கவில்லை. அவள் குரலும் நிற்கவில்லை, அதுதான் பயம், ஐந்து மாதத்தில் குரல் தேய்ந்து தேய்ந்து ஒரே ஒரு வாக்கியம் மிஞ்சியிருக்கிறது, காப்பி ஆறுது. ஆயிரம் பேச்சு பேசியிருப்பாள், திட்டியிருப்பாள், பாடியிருப்பாள், மிஞ்சினது காப்பி ஆறுது. இன்னொன்றும் இருக்கிறது, அதற்குப் போக வேண்டாம். வேணாங்க. அதுதான். வேணாங்க, பெரியப்பாவை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாம். போக வேண்டாம் என்றதும் கால் அங்கேதான் போகிறது. கல்யாணமாகி ஏழாவது வாரம், சனிக்கிழமை, பின்கட்டுத் துணி துவைக்கிற கல். மறுநாள் பூசை முடிந்து சைகோன் பெரியப்பா விருந்துக்கு வருகிறார், அப்பா செத்த பிறகு இவரை வளர்த்து ஆளாக்கினவர், சைகோனில் ஒரு ஏலக்கடையில் இருபது வருஷம் இருந்து பிரெஞ்சுக்காரர்களின் நாற்காலியையும் கடிகாரத்தையும் கண்ணாலேயே எடை போட்டவர், சிரித்தால்கூட எதிரில் நிற்கிறவன் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்ப்பான். விளக்கு இரண்டும் அவர் கொடுத்த கல்யாணப் பரிசு, வைக்கோல் அடைத்த மரப்பெட்டியில் வந்தது. பத்திரமா வெச்சுக்கோ என்றார், என்ன ஏது என்று சொல்லவில்லை. பெட்டியைத் திறந்தால் இரண்டும் புகையேறிக் கறுத்துக் கிடக்கின்றன, கொல்லன் பட்டறையில் கிடந்த மாதிரி. இவருக்குத் தெரிந்த மஞ்சள் உலோகம் இரண்டே இரண்டு, கழுத்தில் போடுகிற தங்கம், மற்றதெல்லாம் பித்தளை. கழுத்தில் போடாததால் பித்தளை. மதலேன் காரைக்காலில் மாதா கோயில் பீடத்தைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளையின் மகள், எட்டு வயசிலிருந்து பீடத்து மெழுகுவர்த்தித் தண்டுகளைப் புளி போட்டுத் துலக்கி, துலக்கினதில் சாமியார் முகம் பார்த்து மீசை ஒதுக்கினார் என்று பேர் எடுத்தவள். அவள்தான் விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அடியில் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, சொன்னாள், இது நம்ம தண்டு மாதிரி இல்லை, கை வேற மாதிரி சொல்லுது, வேணாங்க, பெரியப்பாவை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாம். கை சொல்லுதாம். இவர் சிரித்தார். நாளைக்கு அவர் வந்து நிற்கும்போது இப்படிக் கரிச்சட்டியாவா வெச்சிருக்கிறது, நீ ஆரம்பி. புளி ஊறப்போட்டது இவர். மதில் இடிந்த செங்கல்லை நுணுக்கி, கைக்குட்டையில் சலித்து, மைதா மாதிரி எடுத்துக் கொடுத்தது இவர், அந்தச் சலிப்பில் ஒரு கர்வம்கூட. தேங்காய்நாரை அவள் தொட்டுத் தொட்டுப் பட்டும் படாமல் தேய்க்கிறாள். இப்படித் தேய்ச்சா அடுத்த வருஷம்தான் முடியும் என்று அவள் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். அந்தக் கை. ஏழு வாரப் பெண்டாட்டியின் கை, புளித் தண்ணீரில் குளிர்ந்து வழுக்குகிறது, உள்ளே சூடு. சும்மா தேய்க்கத்தான் பிடித்தாரா, தெரியாது, அரை மணி நேரம் விடவில்லை. அவளும் வேணாம் என்பதை மறந்துபோய்ச் சிரித்தாள், முதுகு இவர் நெஞ்சில். பிறகு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள், அவள் தன் பக்கத்தை வட்டம் வட்டமாக, கோயிலில் பழகின மாதிரி, இவர் தன் பக்கத்தை மேலிருந்து கீழே நீட்டி நீட்டி. கறுப்புப் போயிற்று, சிவப்பாக ஒன்று வந்தது, பிறகு பளீரென்று வெளிறின மஞ்சள், வெயிலில் கண் கூசியது. பார்த்தியா என்றார். பார்த்தாள். நல்லாத்தான் இருக்கு என்றாள், ஆனால் கையை மோந்து பார்த்தாள், ஏன் மோந்தாள். பையனுடைய விளக்குக்குச் செங்கல்தூள் போதவில்லை. காலையில் பார்த்துக்கலாம் என்று விட்டார்கள். காலையில் பூசைக்கு நேரமாகிவிட்டது. அதனால்தான் பையன் பிழைத்தான்.

சர்ரென்று டேப். ஒரு நீலப்பூவின் இதழ் மூளியாக இருந்தது, எப்போது உடைந்தது, பிரஷ் பட்டு இப்போதுதானா, போர்வையில் விரலால் தேடினார், ஒன்றும் இல்லை, பழைய மூளிதான். லியோனில் குளிர் எலும்புக்குள் போகும் என்கிறார்கள். அங்கே செத்தால் பதிவேட்டில் யார் எழுதுவார்கள், பிரெஞ்சுக்காரப் பெண் ஒருத்தி, பேரைத் தப்பாக எழுதுவாள், மனைவி பெயர் என்ற கட்டத்தில் மதலேன் என்று எழுதிவிட்டு அடுத்த பேப்பருக்குப் போவாள். மதலேன் இறந்தபோது இவர் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சின்னப் பெண் எழுதிக்கொண்டாள், கையெழுத்து போடுங்க சார், மேற்படி விவரங்கள் உண்மை என்கிற இடத்துக்கு நேரே. போட்டார். முப்பத்தாறு வருஷம் அடுத்தவர்களிடம் வாங்கின கையெழுத்து. மேற்படி விவரங்கள் உண்மை. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெரியப்பா உள்ளே வந்தார், தொப்பியைக் கழற்றினார், மேஜையைப் பார்த்தார். பையனைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். தொப்பி கையிலேயே இருந்தது. கத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாக, மாதாவுக்கு முன்னால் கேட்கிற மாதிரி, யாரு என்றார். பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், கறிக்குழம்பு ஆவி பறக்கிறது, மதலேன் சோற்றுத் தட்டோடு நிற்கிறாள். ஒரு சொல் வர எவ்வளவு நேரம் ஆகும். நான்தான் என்றால் மூன்று எழுத்தோ நாலு எழுத்தோ. இவர் சொன்னது அதைவிடப் பெரிசு, அதைவிட வேகமாக வந்தது. இவதான் பெரியப்பா, கோயில் தண்டுன்னு நெனைச்சிட்டா, நான் வெளியில போயிருந்தேன். வெளியில போயிருந்தேன் எங்கிருந்து வந்தது, யார் அதைக் கேட்டார்கள், அது பாட்டுக்கு வந்து இவதானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. மதலேன் இவரைப் பார்த்தாள். ஒரே பார்வை. பிறகு சோற்றை வைத்தாள். பெரியப்பா உட்கார்ந்து, நிதானமாக விளக்கினார். அது பித்தளை இல்லை அம்மா, பாரீஸ் வெண்கலம், தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி நெருப்பில் காட்டினது, பாதரசம் புகையாகப் போகும், தங்கம் ஒட்டிக்கொள்ளும், அந்தப் புகையைக் குடித்துக் குடித்துப் பூசினவனுக்கெல்லாம் முப்பத்தைந்து வயசில் பல் கொட்டிக் கை நடுங்கும். மயிரிழை கனம்கூட இல்லை அந்தத் தங்கம், மெல்லிசுத் துணியால் தூசி தட்டினாலே போதும், நூறு வருஷம் கழித்தும் நிற்கும். நீ செங்கல்தூள் போட்டுத் தேய்ச்சிட்ட, பரவாயில்லம்மா, காரைக்காலுக்குத் தங்கம் எங்கே தெரியும். எல்லோரும் சிரித்தார்கள். இவரும். அன்றைக்கு இவர் முள்கரண்டியால் சாப்பிட்டார், நாசூக்குக்கு இல்லை, பத்து நகத்திலும் செங்கல் சிவப்பு. கரண்டியைப் பிடித்தால் மட்டும் நகம் எங்கே போகும்? பெரியப்பா பார்த்தாரா? ஏலக்கடைக் கண் அது. பார்த்துவிட்டுத்தான் மதலேனைப் பார்த்துப் பரவாயில்லம்மா என்றாரா. அந்தச் சிவப்பு வளர்ந்து வெளியே போகப் பல நாள் ஆயிற்று, தினமும் சவரம் செய்யும்போது தெரிந்தது.

கண்ணாடி ஜன்னலில் வெயில் நகர்ந்து பையனின் மரத்தில் ஏறியது. இந்தத் தங்கம்தான் இரண்டுக்கும் இருந்தது. அப்புறம்தான் கதை. கதையை முதலில் யார் கேட்டது, யாரோ ஒரு கிறிஸ்துமஸுக்கு, அந்த விளக்கு ஏன்டா இப்படி என்று. இவர் சொன்னார். சிரித்தார்கள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வேறு யாரோ கேட்டார்கள், இவர் ஒரு படி புளி என்றார். அதற்கடுத்த வருஷம் விளக்கு பளபளத்ததில் எதிர்வீட்டுச் சேவல் விடிந்துவிட்டதென்று கூவியது. ஞானஸ்நான விருந்து, கல்யாணம், கருமாதி, எங்கே போனாலும் சிங்கராயா அந்தப் புளிக்கதையைச் சொல்லு. மதலேன் காப்பித் தட்டோடு வருவாள், ஆரம்பிச்சிட்டாரா என்பாள், சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நம்பித்தானே நாற்பத்துநாலு வருஷம். கேட்டதே இல்லை. அவள் ஒரு தடவைகூடத் தனியாக வந்து ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் இவர் காலில் விழுந்திருப்பார், விழுந்திருப்பாரா, இல்லை அதையும் ஒரு வேடிக்கையாக்கியிருப்பாரா. கேட்காமல் அவள் செய்தது ஒன்றே ஒன்று. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அலமாரி மேல் விளக்குகளை மாற்றி வைத்தாள், பையன் வலப்பக்கம், பெண் இடப்பக்கம், ஆளுக்கொரு சுவர். தெரியாமல் வைத்திருக்கிறாள் என்று இவர் சரியாக வைத்தார். அடுத்த தடவை தூசி தட்டினதும் மறுபடி முதுகும் முதுகும். இவர் திருப்புவார், அவள் திருப்புவாள். சண்டை போடாத வீடு என்று தெருவுக்கே பெயர். ஒரு கட்டத்தில் இவர் விட்டுவிட்டார், இருபது வருஷமாக இரண்டும் சுவரையே பார்த்தன. மதலேனை ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாக வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, எல்லாம் முடிந்து, சவப்பெட்டி போய், ஆட்கள் போய், நாற்காலியில் உட்கார்ந்து தலை நிமிர்ந்தால், அலமாரி மேல் இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. யார் வைத்தது? ஆஸ்பத்திரிக்குப் போகிற காலையில் அவள் வைத்தாளா, பெருக்க வருகிற ரஞ்சிதம் வைத்தாளா? ரஞ்சிதத்தைக் கேட்டார். எனக்கென்னாய்யா தெரியும், தூக்கினேன் தொடைச்சேன் வெச்சேன், எந்தப் பக்கம் மூஞ்சின்னா பார்த்துக்கிட்டிருந்தேன். அதற்கப்புறம் இந்த ஐந்து மாதமாக மனம் அந்த அலமாரியைச் சுற்றிச் சுற்றி வருகிறது, திருப்பினது அவளானால் ஒன்று, ரஞ்சிதமானால் ஒன்று. நான்தான். சொல்லிவிட்டால் எதுவானாலும் சரியாகிவிடும். நான்தான், நான்தான். வாய் உலர்ந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தார், வாசலில் மணி அடித்தது.

காதர்ஷா பாய் செருப்பைக் கழற்றும்போதே பேசிக்கொண்டு வந்தார். "என்னா வெயிலு சார், தார் ரோடு பாயாசமா கொதிக்குது. எஸ்தேல் மதாம், நல்லாருக்கீங்களா? அம்மா விஷயம் கேள்விப்பட்டேன். தங்கமான மனுஷி." எஸ்தேல் கையில் டேப் சுருளோடு இறங்கி வந்தாள், நாற்பது வயது, நெற்றியில் வேர்வை, அந்த நெற்றி மதலேனுடையது. பாய் மேஜை முன்னால் நின்றார். குனிந்தார். பையனின் மரத்தைத் தொடாமல், விரலை அரை அங்குலம் தள்ளியே நகர்த்திப் பார்த்தார், தொடாமல் பார்க்கிற ஆளைப் பார்த்ததும் சிங்கராயருக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தது. பிறகு பெண்ணின் பக்கம் திரும்பினார். நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"அடப்பாவமே. யாரு சார் பண்ணின வேலை?"

வந்துவிட்டது. எஸ்தேல் சிரிக்கத் தொடங்கினாள், அவளுக்குத் தெரியாத கதையா. சிங்கராயர் வாயைத் திறந்தார். நா என்கிற எழுத்து நாக்கின் நுனியில் வந்து உட்கார்ந்தது, சத்தியமாக உட்கார்ந்தது, உலர்ந்த வாயில் அதன் சூடுகூடத் தெரிந்தது.

"உக்காருங்க பாய்," என்றார். "அது பெரிய கதை."

அவ்வளவுதான். சறுக்குமரத்தில் உட்கார்ந்த பிறகு நடுவில் எங்கே இறங்குவது. "கல்யாணமாகி ஏழாவது வாரம். எங்க பெரியப்பா வராரு. நம்ம வீட்டம்மா காரைக்கால் கோயில்பிள்ளை மக, அவங்களுக்கு மஞ்சளா எதைப் பார்த்தாலும் கை அரிக்கும். நான் வெளியில போயிருந்தேன். வந்து பார்த்தா, ஒரு படி புளி, அரை வண்டி செங்கல். தேய்ச்ச தேய்ப்புல வெளிச்சம் கடல் வரைக்கும் போயிடுச்சு பாய். கட்டுமரத்துல போனவனெல்லாம் கலங்கரை விளக்கம் இடம் மாறிடுச்சுன்னு வலையோட நம்ம தெருவுல வந்து நிக்கிறான். பெரியப்பா உள்ள வந்தாரு, கண்ணு கூசி, சுவரைப் பார்த்து போன்ழூர்னு வணக்கம் சொல்றாரு."

பாய் தொடையில் தட்டிச் சிரித்தார். எஸ்தேல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிங்கராயரும் சிரித்தார், சிரிக்கும்போதே உள்ளே யாரோ அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கை வெயிலுக்குத் திருப்பினார். "ஆனா ஒண்ணு சார். இது ரெண்டு கை தேய்ச்சது. இந்தப் பக்கம் பாருங்க, வட்டம் வட்டமா கீறல். அந்தப் பக்கம் நீளவாக்குல. ரெண்டு ஆளு உக்காந்து தேய்ச்சிருக்காங்க."

உள்ளே சாத்தின கதவை வெளியாள் ஒருவர் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். வா, இப்படி வெளியே வா. நான்தான் பாய், அந்த நீளவாக்கு நான்தான். மயிரிழைக் கீறல்கள் வெயிலில் எழுந்து நின்றன, மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே, இருபத்தெட்டு வயதுக் கையின் அவசரம், அழிக்க முடியாத கையெழுத்து.

"அவளுக்கு ரெண்டு கையும் சோத்துக் கை பாய்," என்றார் சிங்கராயர். "ஒரு கை வட்டம் போட்டா இன்னொரு கை கோடு போடும்."

பாய் மறுபடி சிரித்தார், ஆனால் ஒரு நொடி தாமதமாக. எஸ்தேல் சிரிக்கவில்லை. டேப் சுருளை மேஜைமேல் வைத்தாள்.

"பப்பா, இந்தக் கதையில நீங்க எப்பவும் ஒண்ணை விட்டுடறீங்க."

அவர் சவரப் பிரஷைப் பார்த்தார். தெரிந்திருக்கிறது. மதலேன் சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில், இவர் காப்பி வாங்கப் போன ஏதோ ஒரு கால்மணியில். நல்லது. மிக நல்லது. இவரால் முடியாததை அவளே செய்துவிட்டுப் போயிருக்கிறாள், மகள் கேட்கட்டும், பாய்க்கு முன்னால் கேட்கட்டும், தலையைக் குனிந்து ஆமாம் என்றால் போதும், நான்தான் கூட வேண்டாம், ஆமாம் போதும்.

"என்னத்தை விட்டேன்?"

"அம்மா கடைசியில சொன்னாங்க. நீங்க வெளியிலயே போகலையாமே. பக்கத்துலயே இருந்தீங்களாம்."

"ம்."

"அவங்க கையைப் பிடிச்சீங்களாம். வேணாம் மதலேன், இது வேற மாதிரி இருக்கு, பெரியப்பாவை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாம்னு. அம்மாதான் உங்க கையை உதறிட்டுத் தேய்ச்சாங்களாம். உங்கப்பா இதை யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு, தடுத்தும் கேக்கலைன்னு என்னை யாரும் இன்னும் மட்டமா நெனைச்சிடக் கூடாதுன்னு வெளியில போனதா சொல்லிக்குவாரு, அப்படின்னாங்க." எஸ்தேல் குனிந்து அவர் தோளைத் தொட்டாள். "இத்தனை வருஷம். ஒரு தடவைகூடச் சொல்லிக்கலையே பப்பா நீங்க."

அவருக்குக் கேட்டது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. வேணாம். ஒரு வார்த்தை. கேட்டுட்டு. அவள் தன் சொற்களையே எடுத்து, துடைத்து, இவர் வாயில் வைத்திருக்கிறாள். அந்தப் பின்கட்டில் எது யாருடையதோ அதையெல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டாள், அலமாரி மேல் பொம்மைகளை மாற்றி வைக்கிற மாதிரி. இது மன்னிப்பா. இல்லை, இதுதான் நாற்பத்துநாலு வருஷம் காத்திருந்து, மகள் கையில் கொடுத்தனுப்பின ஊசியா. சிரித்துக்கொண்டே சொன்னாளா, அழுதுகொண்டே சொன்னாளா, எஸ்தேலைக் கேட்கலாம், எப்படிச் சொன்னாள் என்று கேட்கலாம், கேட்டால் கண்டுபிடித்துவிடுவாள். இப்போது நான்தான் என்றால் என்ன ஆகும். சாகப்போகிற நேரத்தில் உன் அம்மா உன்னிடம் பொய் சொன்னாள் என்று ஆகும். அவளைப் பொய்க்காரியாக்கவா. கூடாது, அது தகாது, அவளுக்காகவாவது வாயை மூடிக்கொள்ள வேண்டும். பாருங்கள், எவ்வளவு வேகமாக வந்துவிட்டது, அந்த ஞாயிற்றுக்கிழமை வெளியில போயிருந்தேன் வந்த அதே வேகம், அதே இடத்திலிருந்து. அவருக்கும் அது தெரிந்தது. தெரிந்தும் அந்தச் சாக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பாய் பழைய செய்தித்தாளை விரித்துப் பையனைச் சுற்றத் தொடங்கினார். "இந்தப் பொண்ணை அப்படியே விக்க முடியாது சார். பூவையெல்லாம் கழட்டினா அந்தப் பையன்ல மூளியான இடத்துக்கு வெச்சுக்கலாம்."

"கழட்டக் கூடாது," என்றார் சிங்கராயர். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "ரெண்டும் சேர்ந்துதான் இருக்கணும். விக்கிறப்பவும்."

"சரி சார்," என்றார் பாய், வயசானவர்களிடம் சொல்கிற சரி. பையனின் முகம் தாளுக்குள் மறைந்தது. பிறகு பெண். கூடை, மடி, கன்னம். முடிச்சுப் போட்டுக்கொண்டே, பேச்சுக்குப் பேச்சாக, பாய் நிமிராமல் கேட்டார். "அப்ப நெஜமாவே கையைப் பிடிச்சீங்களா சார்?"

புளித்தண்ணீர். குளிர்ச்சி, உள்ளே சூடு. நெஞ்சில் ஒரு முதுகு.

"பிடிச்சேன்," என்றார் சிங்கராயர்.

அன்றைக்கு அந்த வீட்டில் அவர் வாயிலிருந்து வந்த உண்மை அது ஒன்றுதான். எஸ்தேல் அதைக் கேட்டுத்தான் அழுதாள், அப்பாவை நினைத்துப் பெருமையாக. பாய் ஒரு கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போனார், ஆட்டோவில் வைக்கும்போது இரண்டும் லேசாக ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. மேஜையில் போர்வை, போர்வையில் இரண்டு பள்ளம், நடுவில் சவரப் பிரஷ். அவர் வெகுநேரம் தன் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுத்தமாகத்தான் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை அவர் விமானம் ஏறிவிட்டார். லியோனில் குளிர் சொன்ன அளவுக்கு இல்லை, பல்லுக்குத்தான் ஆகவில்லை, போன மாதம் இன்னொன்று விழுந்து மிச்சம் ஒன்பதாகிவிட்டது. அது கிடக்கட்டும். நீங்கள் கேட்டீர்கள், சொன்னேன். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், புளி ஊறப்போட்டது யார், செங்கல் சலித்தது யார், வேணாங்க என்று சொன்னது யார், எல்லாவற்றையும் சொல்லுங்கள், ஊரெல்லாம் சொல்லுங்கள், அவள் பேர் துலங்கட்டும். சொன்ன ஆள் யார் என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். பக்கத்து அறையில் எஸ்தேல் இருக்கிறாள். அவள் வந்து கேட்டால், யாரோ ஒரு கிழவன், பெயர் தெரியாது, வாயைத் திறந்தால் எல்லாம் புளுகு என்று சொல்லிவிடுங்கள்.